நாலு கொம்பு ரௌட்டரும் ஆச்சியின் பீரோவும்



செமஸ்டர் பரீட்சை முடிந்தது. எப்படி எழுதினாய் என்று மட்டும் யாரும் கேட்கக்கூடாது. இந்த ஒரு மாதத்தில் மூன்று பேர் என்னிடம் கேட்டது வேறு கேள்வி. "வீட்டுக்கு வைஃபை ரௌட்டர் வாங்கணும், எது நல்லது?" இ.சி.இ. படிக்கிற பெண்ணுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் முதலில் ஏமாந்தது எங்கள் வீடுதான். அந்தக் கதையைச் சொன்னால் கேள்விக்குப் பதிலும் அதற்குள்ளேயே வந்துவிடும். பதிவு கொஞ்சம் நீளம். காப்பி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

எங்கள் வீடு பாளையங்கோட்டையில் தாத்தா கட்டிய வீடு. ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகும். திண்ணை, தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல் என்று ஒன்றன்பின் ஒன்றாக. (பட்டாசல் என்றால் வெளியூர்க்காரர்கள் ஹால் என்று வைத்துக்கொள்ளவும்.) தெருவாசலில் நின்று பார்த்தால் கதவுகள் வழியாகப் புறவாசல் முருங்கை மரம் தெரியும். சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி கனம். செங்கல், சுண்ணாம்பு. சித்திரை வெயிலிலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். தாத்தாவுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. வைஃபை என்று ஒன்று வரப்போவது அவருக்கு எப்படித் தெரியும்?

இரண்டாங்கட்டை ஒட்டிப் பக்கவாட்டில் ஒரு அறை. அதில் ஆச்சி இருக்கிறாள். 2023இல் கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆகியும் கட்டிலை விட்டுத் தனியாக இறங்க முடியாது. அதற்கும் முன்னாலிருந்தே காது சரியாகக் கேட்காது. காது மிஷின் வாங்கிக் கொடுத்தோம். "இதை மாட்டினா காதுக்குள்ள குருவி கத்துது" என்று டப்பாவில் போட்டு மூடிவிட்டாள்.

இங்கேதான் நம் விஷயம் தொடங்குகிறது. மாமா சிங்கப்பூரில் இருக்கிறார். தினமும் இங்கே ஏழரை, அங்கே பத்து மணிக்கு வீடியோவில் கூப்பிடுவார். ஆச்சிக்கு வெறும் போன் பேசுவது பிரயோஜனமே இல்லை. அவள் கேட்பது காதால் அல்ல, கண்ணால். வாயசைவையும் முகத்தையும் பார்த்துப் பார்த்தே முக்கால்வாசிப் பேச்சைப் பிடித்துவிடுவாள். அதனால் படம் நின்றுபோனால் அவளுக்குப் பேச்சும் நின்றுபோகிறது. நமக்கு என்றால் "நெட் ஸ்லோ" என்று தெரியும். அவளுக்கு அப்படித் தெரியாது. பாதி திறந்த வாயோடு உறைந்து நிற்கிற மாமாவையே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "ஏட்டி, இவன் ஏன் பேச மாட்டங்கான்? எம்மேல கோவமா இருக்கானா?" என்பாள்.

ஒருநாள் இரண்டு நாள் என்றால் பரவாயில்லை. தினமும் கேட்டால்? ஒரு கட்டத்தில் ஆச்சியே, "இன்னைக்கு வேண்டாம், அவனுக்கு வேலை இருக்கும்" என்று டேப்லெட்டைத் திருப்பி வைக்க ஆரம்பித்தாள். அன்றைக்குத்தான் ரௌட்டர் வாங்குவது என்று முடிவு செய்தேன். டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு கொஞ்சம் கையில் இருந்தது.

நேராகக் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். அட்டையில் படம் போர் விமானம் மாதிரி இருந்தது. நாலு ஆண்டெனா. 'ஏசி 1200' என்று கொட்டை எழுத்து. "நாலு கொம்பு இருக்கும்மா, வீடு பூரா எடுக்கும்" என்றார். ஆயிரத்து எண்ணூறு ரூபாய். ஆண்டெனா பேப்பரில் நல்ல கிரேடு வாங்கிய நான், கொம்பை எண்ணிப் பார்த்துவிட்டு மறுபேச்சு பேசாமல் வாங்கி வந்தேன். இதை எங்கள் ஆண்டெனா மேடம் படிக்காமல் இருக்கக் கடவது.

இணைய கம்பெனி கொடுத்த பெட்டி தார்சாவில் டிவிக்குப் பின்னால் இருந்தது. அதன் பக்கத்திலேயே புதுசை வைத்து ஒயரைச் சொருகி ஆன் செய்தேன். ஆச்சி அறையில் ஒரு மாற்றமும் இல்லை. மாமா அதே பாதி வாயோடு நின்றார்.

அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. எங்கள் இணைப்பு 150 எம்பிபிஎஸ். பழைய பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் 140 வரும். புதுப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றால் 94க்கு மேல் ஏறவே இல்லை. காசு கொடுத்து வேகத்தைக் குறைத்து வாங்கி வந்திருக்கிறேன்!

அப்பா திட்டவில்லை. "சரி, படிக்கிற புள்ள, ஒண்ணு ரெண்டு பாடம் காசு குடுத்துதான் படிக்கணும்" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்று இரவு அந்தப் பெட்டியின் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக அர்த்தம் தேடி உட்கார்ந்தேன்.

நிற்க. இங்கே கொஞ்சம் பாடம்.

நாம் ரௌட்டர் என்று ஒரே பெயரில் கூப்பிடுகிற பெட்டிக்குள் மூன்று பேர் குடியிருக்கிறார்கள். முதல் ஆள்தான் அசல் ரௌட்டர். இவருடைய வேலை வளவு வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவரின் வேலை. எங்கள் பக்கம் வளவு என்றால் ஒரே தெருவாசல், உள்ளே ஏழெட்டுக் குடித்தனம். தபால்காரருக்குத் தெரிந்தது ஒரே ஒரு கதவு எண்தான். உள்ளே மாடி வீடு, கிணற்றடி வீடு என்பதெல்லாம் பெரியவருக்கு மட்டும் தெரியும். இணையத்திலும் அப்படியே. பழைய முறை முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. உலகத்தில் இருக்கிற போன், கணினி, டிவி எல்லாவற்றுக்கும் காணாது. அதனால் வீட்டுக்குள் 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகளைக் கொடுத்துவிட்டு, வெளியே ஒரே முகவரியைக் காட்டுகிறார் ரௌட்டர். உங்கள் வீட்டிலும் 192.168தான், எங்கள் வீட்டிலும் அதேதான். எல்லா வளவிலும் ஒரு 'மாடி வீடு' இருப்பது போல. ஒரு போன் கேட்ட கடிதம் இன்னொரு போனுக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு.

இரண்டாவது ஆள் ஸ்விட்ச். பின்னால் வரிசையாக இருக்கிற ஒயர் ஓட்டைகள் இவருடையவை. மூன்றாவது ஆள் ஆக்சஸ் பாயிண்ட். ஒயரில் வருவதை ரேடியோ அலையாக மாற்றிக் காற்றில் விடுகிறவர். ஃபைபர் இணைப்பு என்றால் ஒளியை மின்சாரமாக மாற்றும் நாலாவது ஆள் ஒருவரும் உண்டு. பல வீடுகளில் கம்பெனி கொடுக்கும் பெட்டிக்குள் நாலு பேரும் ஒன்றாகவே இருப்பார்கள்.

இந்தப் பிரிவினை எதற்கு என்றால், நம் பிரச்சினை யாரிடம் என்று தெரியாமல் மொத்தக் குடும்பத்தையும் மாற்றுகிறோம். எங்கள் வீட்டில் முதல் ஆளும் இரண்டாவது ஆளும் ஒழுங்காகத்தான் வேலை பார்த்தார்கள். குறை மூன்றாவது ஆளிடம். அவரிடமும் குறை இல்லை, அவரை உட்கார வைத்த இடத்தில்தான் குறை. நானோ அதே இடத்தில் இன்னொருவரைக் கொண்டுபோய் உட்கார வைத்தேன்.

இனி அந்த 1200 கதை. இந்தப் பெட்டியில் இரண்டு ரேடியோ. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்று, அதிகபட்சம் 300. 5 கிகாஹெர்ட்ஸில் ஒன்று, அதிகபட்சம் 867. இரண்டையும் கூட்டினால் 1167. அதை அழகுக்கு 1200 ஆக்கிவிடுகிறார்கள். ஒரு போன் ஒரு நேரத்தில் பொதுவாக ஏதாவது ஒன்றில்தான் இருக்கும் என்பதால் இந்தக் கூட்டலுக்கே அர்த்தம் இல்லை. நம் வீட்டில் இரண்டு சைக்கிள் இருக்கிறது, ஆகவே என் வேகம் இரட்டிப்பு என்கிற மாதிரி. அந்த 867கூட ஆய்வுக்கூடத்தில் காகிதத்தில் வருவது. நிஜத்தில் பாதி வந்தால் சந்தோஷப்படலாம்.

94 எங்கிருந்து வந்தது? ஒயர் ஓட்டையிலிருந்து. விலை குறைந்த பல ஏசி 1200 பெட்டிகளில் ஒயர் இணைப்பு 100 எம்பிபிஎஸ்தான். காற்றில் எவ்வளவு வேகம் எழுதியிருந்தாலும் உள்ளே வருகிற வாசல் 100. கழிவுகள் போக 94. கிகாபிட் என்று எழுதியிருக்கிறதா என்று அட்டையின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் பார்த்திருந்தால் கடையிலேயே தெரிந்திருக்கும். நான் கொம்பைப் பார்த்தேன்.

கொம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாலு கொம்பில் பெரும்பாலும் இரண்டு ஒரு ரேடியோவுக்கு, இரண்டு இன்னொன்றுக்கு. நம் போன்களில் இருப்பதே பொதுவாக இரண்டு ஆண்டெனாதான். இன்னொரு சங்கதி, பேச்சு இரு வழி. ரௌட்டர் எவ்வளவு பலமாகக் கத்தினாலும், போன் அதன் சின்ன பேட்டரியை வைத்துக்கொண்டு திரும்ப முணுமுணுப்பது ரௌட்டருக்குக் கேட்க வேண்டும். எல்லாக் கம்பெனிக்கும் இவ்வளவுதான் கத்தலாம் என்று அரசு வரம்பும் இருக்கிறது. கொம்பிலிருந்து அலை எப்படிப் போகும் என்றால், ஒரு குச்சியில் உளுந்து வடையைக் கோத்த மாதிரி. குச்சிதான் ஆண்டெனா, வடைதான் அலை. பக்கவாட்டில் நன்றாகப் பரவும், குச்சியின் நுனிப்பக்கம் ஓட்டை. அதனால் மாடிக்கு சிக்னல் வேண்டுமென்றால் ஒரு கொம்பையாவது படுக்கப்போட வேண்டும். எல்லாவற்றையும் சாமி கும்பிடுகிற மாதிரி நேராக நிமிர்த்தி வைக்கிறோம்!

அடுத்தது 2.4, 5 என்ற இரண்டு எண்கள். 2.4இன் அலைநீளம் சுமார் பன்னிரண்டரை சென்டிமீட்டர். சாணில் பாதிக்குச் சற்று மேல். 5இன் அலை மூன்று விரல் அகலம்தான். நீள அலை சுவரை ஓரளவு தாண்டும். குட்டை அலை வேகமாகச் சுமக்கும், ஆனால் சுவரில் சீக்கிரம் களைத்துவிடும். 2.4ஐ உரிமம் இல்லாமல் பயன்படுத்த நம் நாட்டில் 2005இல் அனுமதித்தார்கள். 5இல் பெரும்பகுதியை, 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு, 2018இல் திறந்துவிட்டார்கள். 2.4 குறுகலான சந்து. அதில் ஒன்றோடொன்று மோதாமல் பக்கத்தில் பக்கத்தில் ஓட 1, 6, 11 என்று மூன்றே சேனல்தான். அந்தச் சந்துக்குள்தான் தெருவில் உள்ள அத்தனை வீட்டு ரௌட்டரும், புளூடூத்தும், மைக்ரோவேவ் அடுப்பின் கசிவும்.

(ஒரு சின்ன கிளைக்கதை. சுவர்களில் மோதி எதிரொலித்து ஒன்றுக்கு மேல் ஒன்றாக வரும் ரேடியோ அலைகளைப் பிரித்தெடுக்கும் கணக்கு வைஃபைக்கு மிக முக்கியம். அதில் பெரும்பங்கு ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனத்துக்கு. அந்தக் குழுவில் இருந்த ஜான் ஓ'சலிவன் வானொலி வானியல்காரர். 1970களில் வெடிக்கும் குட்டிக் கருந்துளைகளின் சிக்னலைத் தேடியவர். அது கிடைக்கவில்லை. அந்தத் தேடலில் பழகிய கணக்கு 1990களில் வீட்டுக்குள் ரேடியோ அனுப்பும் வேலைக்கு உதவியது. 1996இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. கருந்துளையைத் தேடியவர் புண்ணியத்தில் ஆச்சி மாமாவைப் பார்க்கிறாள். எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.)

சரி, வீட்டுக்கு வருவோம். மறுநாள் முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். போனில் சிக்னல் அளக்கும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, நோட்டும் பேனாவுமாக வீடு முழுக்க நடந்தேன். அளவு டிபிஎம் என்பதில் வரும், மைனஸில் இருக்கும். மைனஸ் 40 என்றால் ரௌட்டர் மடியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். மைனஸ் 65 வரை வீடியோ நிம்மதியாக ஓடும். 80ஐத் தாண்டினால் தள்ளாட்டம். இதில் ஒன்றை மறக்கக்கூடாது. மூன்று குறைந்தால் சக்தி பாதி. பத்து குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. 64க்கும் 84க்கும் நடுவே இருப்பது இருபது அல்ல, நூறு மடங்கு.

தார்சாவில் மைனஸ் 38. பட்டாசலில் 55. இரண்டாங்கட்டில் கதவுக்கு நேரே நின்றால் 66. அட, நன்றாகத்தானே இருக்கிறது? அங்கிருந்து நாலு எட்டு வைத்து ஆச்சி அறைக்குள் நுழைந்தால் 79. கட்டில் பக்கம் போய் டேப்லெட் இருக்கிற இடத்தில் 84.

நுழைவாசலிலிருந்து கட்டிலுக்கு ஆறடிகூட இல்லை. அதற்குள் ஐந்து குறைவானேன்? அப்படியே கட்டிலில் உட்கார்ந்து ரௌட்டர் இருக்கிற திசையைப் பார்த்தேன். நேர் எதிரே அம்மா கல்யாணச் சீராக வந்த இரும்பு பீரோ. ஆளுயரம், கதவில் முழுக்கண்ணாடி. அதன் மேல் ஆச்சியின் பித்தளைப் பானைகள். ரேடியோ அலைக்கு இரும்பு என்றால் கதவைச் சாத்திய மாதிரி. கண்ணாடியின் பின்பூச்சும் உலோகம்தான். பரிசோதனைக் கூடத்தில் இதைவிட நல்ல தடுப்பு அமைக்க முடியாது.

"பீரோவை அந்தப் பக்கம் நகத்தலாமாம்மா?" என்றேன். அம்மா, "முப்பது வருசமா அங்கதான் இருக்கு, உன் வைஃபைதான் நேத்து வந்தது" என்றாள். இரண்டு நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, ஆச்சியே "நகத்துங்களேம்மா, எனக்கும் சன்னல் தெரியும்" என்று சொன்னதால் நாலடி நகர்ந்தது. பின்னால் நான் சின்ன வயதில் தொலைத்த ஒரு கொலுசும் ஏகப்பட்ட பல்லி முட்டையும் கிடைத்தன. அளவு 84இலிருந்து 78. அடுத்து கம்பெனிப் பெட்டியை டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்து, கதவுகளின் நேர்வரிசை தெரிகிற மாதிரி நடுச்சுவரில் உயரமாக மாட்டினேன். 74. சேனலும் பார்த்தேன். அக்கம்பக்கத்து வீடுகளில் பாதிப்பேர் 6இல் முட்டிக்கொண்டிருந்தார்கள். 11க்கு மாற்றினேன்.

ஒரு பைசா செலவில்லாமல் பத்து டிபிஎம். பத்து மடங்கு சக்தி! ஆனாலும் 74 போதவில்லை. மாமா முன்னைவிடக் குறைவாக நின்றார், ஆனால் நின்றார்.

சிநேகிதியிடமிருந்து எக்ஸ்டெண்டர் ஒன்று கடன் வாங்கி ஆச்சி அறை பிளக்கில் மாட்டிப் பார்த்தேன். டேப்லெட்டில் சிக்னல் கோடு முழுசாக வந்துவிட்டது. படம் மட்டும் அதே தள்ளாட்டம். அந்தக் கோடு காட்டுவது டேப்லெட்டுக்கும் எக்ஸ்டெண்டருக்கும் உள்ள உறவை. எக்ஸ்டெண்டருக்கே ரௌட்டர் பேசுவது சரியாகக் கேட்கவில்லையே! காது கேட்காத ஒருவர் இன்னொருவருக்குச் செய்தி சொல்வது போல. நடுவழியில் மாட்டினால் கொஞ்சம் தேவலை. ஆனால் ஒரே சேனலில் கேட்டுவிட்டு அதையே திரும்பச் சொல்வதால் நேரம் இரட்டிப்பு, வேகம் ஏறக்குறையப் பாதி. மெஷ் என்று விலை கூடியதாக விற்பதும் பெட்டிக்குப் பெட்டி காற்றில் பேசுவதுதான். கொஞ்சம் புத்திசாலித்தனமாகப் பேசும். அதற்கும் ஒன்றரை அடிச் சுவர் சுவர்தான். ஆறேழாயிரம் கொடுத்து இன்னொரு பாடம் படிக்க எனக்குத் தெம்பில்லை.

கடைசியில் விடை, ஒயர்.

ஒயரில்லா இணையத்துக்கு ஒயர் தீர்வு என்றால் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு சாதாரண கேட் 6 கேபிள் நூறு மீட்டர் வரை ஒரு கிகாபிட்டைச் சுமக்கும், சுவரைப் பற்றிக் கவலைப்படாது. சுவரில் ஓட்டை போட அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார் ("தாத்தா கட்டின சுவர்"). ஆனால் கேபிள் டிவிக்காரர் எப்போதோ போட்ட ஓட்டை ஒன்று கதவுக்கு மேலே சும்மா இருந்தது. எலக்ட்ரீஷியன் அண்ணனும் நானும் அதன் வழியாக இழுத்தோம். 25 மீட்டர் கேபிள், இரண்டு முனைக்குப் பின், அவருடைய கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்குள் முடிந்தது.

அந்த முனையில் மாட்ட ஒரு ஆக்சஸ் பாயிண்ட் வேண்டுமே? நாலு கொம்பு பரணில் தூங்கிக்கொண்டிருந்ததே, அதை எடுத்தேன். செட்டிங்கில் 'ஆக்சஸ் பாயிண்ட்' என்று ஒரு முறை இருக்கும். அதில் போட்டால் முதல் ஆள் வேலையை விட்டுவிட்டு மூன்றாவது ஆளாக மட்டும் இருப்பார். (இதை மறந்தால் ஒரு வளவில் இரண்டு பெரியவர்கள் ஆகிவிடும், தபால் குழம்பும்.) வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் பழையதே, சேனல் மட்டும் 1. ஆச்சி அறை வாசலுக்கு மேல் ஆணி அடித்து மாட்டினேன். கட்டிலில் மைனஸ் 44. ஒயர் ஓட்டை 100தான், அதனால் என்ன? ஒரு வீடியோ அழைப்புக்கு இரண்டு மூன்று எம்பிபிஎஸ் தாராளம்.

ஆக, தப்பாக வாங்கிய பெட்டிதான் சரியான இடத்துக்குப் போனதும் வேலை செய்தது. அப்பாவிடம் இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன் :-)

சரி, இப்போது என்னிடம் கேட்ட மூன்று பேருக்கும் பதில். முதலாமவள் வாடகைக்கு ஒரே அறையில் இருக்கிறாள். அவளுக்கு நான் சொன்னது, எதுவும் வாங்காதே. கம்பெனி கொடுத்த பெட்டியே போதும், கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து மேலே வை. இரண்டாமவனுடையது இரண்டு படுக்கையறை ஃபிளாட், 200 எம்பிபிஎஸ் இணைப்பு. அவனுக்கு வைஃபை 6 பெட்டி, ஏஎக்ஸ் 1500 ஒன்று, ஒயர் ஓட்டை எல்லாம் கிகாபிட்டாக இருக்க வேண்டும் என்று சொன்னேன். வீட்டு நடுவில் வைக்க வேண்டும், மீன் தொட்டிக்குப் பின்னால் வைக்கக்கூடாது, தண்ணீர் அலையைக் குடித்துவிடும். அவன் ஏஎக்ஸ் 3000 கேட்டான். அதிலுள்ள 2402 என்ற எண் வேண்டுமானால் போனும் 160 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைப் பிடிக்க வேண்டும். அவன் போன் பிடிக்காது. பிறகு அந்த எண் அட்டையில்தான் இருக்கும். வைஃபை 7 பற்றியும் கேட்டான். 200 எம்பிபிஎஸ் இணைப்புக்கு எதற்கு? தண்ணீர் வருவது அரை அங்குலக் குழாயில், நீ தொட்டியை ஏன் பெரிதாகக் கட்டுகிறாய்?

மூன்றாமவர் எங்கள் பக்கத்துத் தெரு சித்தப்பா. கான்கிரீட் மாடி வீடு, கட்டிக்கொண்டே இருக்கிறார். அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன், பூச்சுக்கு முன்னால் மாடிக்கும் கீழுக்கும் ஒரு குழாய் பதித்துக் கேபிளை விட்டுவிடுங்கள் என்று. மற்றதெல்லாம் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

வாங்கும்போது விற்பவர் சொல்லாத சங்கதி ஒன்று, அப்டேட். ரௌட்டரும் ஒரு கணினிதான், ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்குக் கடைசியாக எப்போது மென்பொருள் வந்தது என்று பாருங்கள். மூன்று நாலு வருடமாக ஒன்றும் இல்லையென்றால் விலை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். 2002 டிசம்பரில் வந்த லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலக் கறுப்புப் பெட்டியின் மூலநிரல் 2003இல் வெளியானது. அதை வைத்து 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் திட்டம் பிறந்தது. கம்பெனி கைவிட்ட எத்தனையோ பெட்டிகளுக்கு அதுதான் இன்று உயிர். உங்கள் மாடல் அந்தப் பட்டியலில் இருந்தால் போனஸ்.

பாதுகாப்புக்கு டபிள்யூபிஏ3 இருந்தால் நல்லது, டபிள்யூபிஏ2வாவது இருக்கட்டும். 'அட்மின்' என்ற பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டு வேறு, அது வேறு. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் வைஃபை பாஸ்வேர்டைக் காலண்டரில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள், பால்காரருக்கும் தெரியும்.

கரண்டு போனால் ரௌட்டரும் போகும். பல பெட்டிகள் 12 வோல்ட்டில் ஓடும். அதற்கென்று சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது. அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். தார்சாவுக்கு ஒன்று, ஆச்சி அறைக்கு ஒன்று என்று இரண்டு வாங்க வேண்டும். அடுத்த மாத டியூஷன் காசு அதற்குத்தான்.

நாலு கொம்பை மாட்டிய அன்று ஏழரைக்கு மாமா கூப்பிட்டார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆச்சி முதலில் ஒன்றும் பேசவில்லை, டேப்லெட்டைக் கிட்டத்தில் வைத்து உற்றுப் பார்த்தாள். மாமா ஏதோ சொன்னார், அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள். அப்புறம், "முடியெல்லாம் நரைச்சிட்டே, எப்பம்ல நரைச்சிது?" என்றாள். மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பு முழுசாக வந்தது, பாதியில் நிற்கவில்லை. நாற்பது நிமிடம் பேசினார்கள். அதில் பாதி நேரம் பக்கத்து வீட்டு மாடு கன்று போட்ட கதை.

ஒரு வேலை மட்டும் பாக்கி. மேலே உத்தரத்தில் ஓடுகிற கேபிளை எலி கடிக்காமல் இருக்கக் குழாய்க்குள் விட வேண்டும். எலக்ட்ரீஷியன் அண்ணன் வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றார். எந்த வெள்ளிக்கிழமை என்று சொல்லவில்லை.